பணியாளர் முன்னெடுக்கும் மாற்றம்

பணியாளர் முன்னெடுக்கும் மாற்றம் என்பது, தலைமையின் ஆணைக்குக் காத்திராமல் ஊழியர்களே ஒரு புதிய வழியைக் கண்டு, உடன் பணிபுரிவோரின் ஆதரவைத் திரட்டி, அதை நிறுவனத்தின் வழியாக ஆக்குவதாகும். தொடங்குபவரிடம் அதிகாரம் இல்லாததால், யோசனை நல்லதாக இருப்பது மட்டும் போதாது. அதை மேலே கொண்டு சேர்க்கும் முறையும் முக்கியமாகிறது. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1990களில் இணையத்தின் பக்கம் திரும்பியது இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

பின்னணி

1993இல் ஐ.பி.எம். சுமார் 800 கோடி டாலர் இழப்பைச் சந்தித்தது. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். அவ்வாண்டு லூயி கெர்ஸ்ட்னர் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

1994 பிப்ரவரியில் நார்வேயின் லில்லேஹாமர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. முடிவுகளைக் கணினியில் தொகுத்தது ஐ.பி.எம். ஆனால் அதன் இடைநிலை ஊழியரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவருமான டேவிட் கிராஸ்மன் மொசைக் உலாவியில் பார்த்தபோது, அம்முடிவுகள் போட்டி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்சின் பெயர் தாங்கிய பக்கத்தில் இருந்தன.

ஆதரவு திரண்ட விதம்

நேரில் காட்டல்: இணையத்தைப் பார்த்திராதவர்களுக்குத் தொலைபேசியில் விளக்குவது கடினமாக இருந்தது. எனவே கிராஸ்மன் ஒரு கணினியை ஆர்மொங்க் தலைமையகத்துக்கே எடுத்துச் சென்று, மேலாளர்களுக்கு இயக்கிக் காட்டினார்.

இடையில் ஒருவர்: நிறுவனத்தின் போக்கும் மேலிடத்தாருடன் பேசும் முறையும் அறிந்த ஜான் பேட்ரிக் என்ற மூத்த அலுவலர் அவருடன் இணைந்தார். ஒருவர் தொழில்நுட்பம் அறிந்தவர். மற்றவர் அதற்கு நிறுவனத்துக்குள் வழி அமைத்தவர்.

எளிய அறிக்கை: ஊழியர் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் முகவரி, நிறுவனத்துக்கு ஓர் இணையதளம் முதலிய செயல்படுத்தக்கூடிய கருத்துகளைப் பேட்ரிக் எழுதிச் சுற்றுக்கு விட்டார். சில மாதங்களில் பல பிரிவுகளிலிருந்து 300க்கும் மேற்பட்டோர் மின்னஞ்சல் வழியாக இணைந்தனர்.

காலக்கெடு: 1994 டிசம்பரில் நடக்கவிருந்த இணையக் கண்காட்சியில் பேட்ரிக் பெரிய இடத்தை முன்னதாகவே பதிவு செய்தார். தனித்தனியே இயங்கிய பிரிவுகள் ஒரே பெயரின்கீழ் அங்கு வர வேண்டியதாயிற்று.

விளைவு

ஐ.பி.எம். இணையதளம் 1994 மே மாதம் வெளியானது. கெர்ஸ்ட்னரின் ஆதரவும் கிடைத்தது. 1995இல் இணையத்துக்கெனத் தனிப் பிரிவு உருவாயிற்று. மின்-வணிகம் நிறுவனத்தின் முதன்மைத் திட்டங்களுள் ஒன்றானது.

வரம்புகள்

இம்முயற்சிகள் எப்போதும் வெல்வதில்லை. பிரிட்டனின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் ஆட்குறைப்பைத் தடுக்க, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஊழியர்களிடம் யோசனைகளைத் திரட்டினர். சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம், வெப்ப எக்கி உட்படச் சுமார் 150 பொருள்களைத் தயாரிக்கும் மாற்றுத் திட்டத்தை 1976இல் முன்வைத்தனர். வெளியில் அது பாராட்டுப் பெற்றபோதிலும், நிர்வாகம் ஏற்கவில்லை. எதை உற்பத்தி செய்வது என்பது தன் உரிமை என நிர்வாகம் கருதியதே முக்கியத் தடை. கீழ்மட்டத்தில் ஆதரவு எவ்வளவு பெருகினாலும், முடிவெடுக்கும் இடத்தில் அதை ஏற்பவர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.