பாய்மரப் படகின் கயிற்றுப் பிடிப்பான்

பாய்மரப் படகின் தளத்தில் பொருத்தப்பட்டு, இழுத்த கயிற்றை இழுத்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும் கருவி கயிற்றுப் பிடிப்பான் ஆகும். இது கிளீட் என்றும் அழைக்கப்படுகிறது. நல்ல பிடிப்பானுக்கு இரண்டு கடமைகள் உண்டு. பாரம் ஏறும்போது கயிறு நழுவக் கூடாது; ஆபத்து வந்தால் அதே பாரத்தோடு கயிற்றை உடனே விடுவிக்கவும் முடிய வேண்டும். பழைய பிடிப்பான்களை மாற்றியமைப்பவர்கள் முதற்கடமையை மட்டும் கவனித்து இரண்டாவதை மறந்துவிடுவதுண்டு.

புதுச்சேரிக் கடலில்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் ஆட்களும் சலங்குப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தனர். இத்தகைய இடத்தில் கப்பலின் உயிர் நங்கூரக் கயிற்றில் இருந்தது.

1761 சனவரி 1 அன்று, நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படையைப் புயல் தாக்கியது. தளபதி ஸ்டீவன்ஸ் தம் கப்பலின் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுக் கடலுக்குள் விலகினார். மற்றக் கப்பல்களுக்கும் அவ்வாறே செய்யச் சைகை காட்டினார். புயலின் இரைச்சலில் அது அவற்றை எட்டவில்லை. மூன்று கப்பல்கள் மூழ்கின, மூன்று கரையில் மோதின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கயிற்றை விடவேண்டிய நேரம் என ஒன்று உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

வகைகள்

கொம்புப் பிடிப்பான்: இருபுறமும் கொம்பு நீட்டிய எளிய வடிவம். நங்கூரக் கயிற்றுக்கும் கரைக் கயிற்றுக்கும் ஏற்றது.

பற்சக்கரப் பிடிப்பான்: வில்லால் அழுத்தப்பட்ட இரண்டு பல்வைத்த தாடைகள் கயிற்றைக் கவ்வும். மேல்நோக்கிச் சுண்டினால் கயிறு விடுபடும். காற்றுக்கேற்ப அடிக்கடி இழுத்துத் தளர்த்தப்படும் தாமான் கயிற்றுக்கு ஏற்றது.

நெம்புப் பூட்டு: கைப்பிடியைச் சாய்த்தால் கயிறு பூட்டப்படும். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்குப் பயன்படுகிறது.

மாற்றியமைத்தல்

கொம்புப் பிடிப்பானின் நீளம் கயிற்றின் விட்டத்தைப்போல் சுமார் 16 மடங்கு இருப்பது வழக்கம். 10 மி.மீ. கயிற்றுக்கு 160 மி.மீ. பிடிப்பான் தேவை. கயிறு வரும் திசைக்கு நேராக வைக்காமல் சுமார் 15 பாகை திருப்பிப் பொருத்தினால், கடைசிச் சுற்று முதற்சுற்றின் மேல் ஏறி இறுகாது.

மரத்திருகுகள் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரக்கூடும். எனவே தளத்தை ஊடுருவும் போல்ட்டுகளைப் போட்டு, அடியில் உலோகத் தகடோ தடித்த பலகையோ வைத்து முடுக்குவார்கள். தகடு பாரத்தைப் பரந்த இடத்துக்குப் பகிர்கிறது.

கண்ணாடியிழைத் தளத்தின் நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருந்தால், துளை வழியாக நீர் இறங்கி அதை அழுகச் செய்யும். துளையைப் பெரிதாக்கி, எப்பாக்சிப் பசையால் நிரப்பி, அது இறுகியபின் அதனுள் மீண்டும் துளையிடுவதே இதற்கு வழி. உப்புக்காற்றில் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் நீடித்து உழைக்கும். பிடிப்பான் அலுமினியமானால், இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாதபடி நைலான் வளையமும் உறையும் இடவேண்டும். இல்லையெனில் அலுமினியம் அரிக்கப்படும்.

பற்சக்கரப் பிடிப்பானில் உயரமும் சாய்வும் முக்கியம். சிறு படகில் மாலுமி விளிம்புக்கு வெளியே சாய்ந்து அமர்வார். அங்கிருந்து அவர் கயிற்றைச் சுண்ட முடியாவிட்டால், திடீர்க் காற்றில் பாயைத் தளர்த்த இயலாமல் படகு கவிழும். பிடிப்பானின் அடியில் ஆப்புக்கட்டை வைத்து, அவர் அமரும் இடத்திலிருந்து பூட்டவும் விடவும் வரும் கோணத்தை அமைக்கலாம்.

கட்டும் முறை

கொம்புப் பிடிப்பானில் முதலில் அடியை ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, பிறகு கொம்புகளில் எட்டு வடிவமாகச் சுற்றவேண்டும். வழுக்கும் செயற்கை இழைக் கயிறுகளுக்குச் சுற்றுகள் கூடுதலாகத் தேவை. இறுதியில் திருப்பிப் போடும் பூட்டுச்சுற்று கரைக் கயிற்றுக்குப் பொருந்தும். சிறு படகின் தாமான் கயிற்றில் அதைப் போடலாகாது.

கொம்புகளில் கூர்மையான விளிம்பு இருந்தால் அரத்தால் மழுக்கவேண்டும். அலையில் ஆடும் படகில் அந்த விளிம்பே கயிற்றை அறுக்கும். மாற்றம் முடிந்ததும் பாரம் ஏற்றிய கயிற்றை ஒரு கையால் விடுவித்துப் பார்ப்பது தகுந்த சோதனையாகும்.