இரைச்சலுக்குள் ஒரு காந்தாரம்

தமிழ்ச் சங்க மலரில் ராக் இசையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். பெங்களூரில் பிள்ளை வளர்த்த தகப்பன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா என்ற அமெரிக்கக் குழு இங்கே அரண்மனை மைதானத்தில் கச்சேரி செய்தது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய மகனை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். "இந்த இரைச்சலுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டேன். "அவங்க மெதுவா வாசிச்சதை ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா" என்றான். கேட்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. கேட்டபின் விளங்கியதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மெட்டாலிகா 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கியது. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச், பாடிக்கொண்டே கிடார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இருவரும்தான் அதன் தூண்கள். 1983-இல் வந்த முதல் ஆல்பம் முழுக்க வேகமும் முரட்டுத்தனமும்தான். 1984-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் மெதுவாகத் தொடங்கும் ஒரு பாட்டைச் சேர்த்ததற்கே ரசிகர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். 1988-இல் வந்த நான்காவது ஆல்பத்தில் ஒன்பதே பாட்டு, ஓடும் நேரமோ 65 நிமிடம். மூச்சு முட்டும் அளவுக்குச் சிக்கலான தாளக்கட்டு. அதற்குமேல் அந்த வழியில் போக அவர்களுக்கே இடமில்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் இரைச்சல் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கிடாரின் ஒலியை ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தக் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். இதனால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில் வரும். தந்தியின் நாதம் சீக்கிரம் அடங்காது. பல சுரங்களைச் சேர்த்து வாசித்தால் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப்போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஸட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்தால் டிஸ்டார்ஷனிலும் தெளிவாக நிற்கும். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் கலங்கிவிடும். அதனால் இந்த வகைக் குழுக்கள் பெரும்பாலும் ச-ப இரண்டை மட்டும் சேர்த்து அடிப்பார்கள். ஆனால் மேல்நாட்டு இசையில் மேஜர், மைனர் என்ற பிரிவே காந்தாரத்தில்தான் இருக்கிறது. நம் அந்தர காந்தாரம் இருந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் இருந்தால் மைனர். இது மகிழ்ச்சியா துக்கமா என்று காட்டிக்கொடுக்கும் சுரம் அது. உரக்க அடிக்கும்போது பலம் முழுவதும் கேட்கும். மனசில் என்ன இருக்கிறது என்பது மட்டும் கேட்காது.

ஹெட்ஃபீல்டின் மனசில் என்ன இருந்தது? மருத்துவ சிகிச்சையை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அவருக்கு 13 வயதானபோது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். 16 வயதில் அம்மா புற்றுநோயில் இறந்தார். அந்தப் பையன்தான் மைக்கைப் பிடித்துக் கத்தினான்.

1991-இல் தயாரிப்பாளர் பாப் ராக்குடன் சேர்ந்து, அட்டை முழுதும் கறுப்பாக இருந்ததால் 'பிளாக் ஆல்பம்' என்று பெயர் பெற்ற ஐந்தாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். பாட்டுகள் சுருங்கின, வேகம் குறைந்தது, ஹெட்ஃபீல்ட் முறையாகக் குரல் பயிற்சி எடுத்துக்கொண்டார். அம்மாவின் சாவைப் பற்றிய பாட்டும் அதில் உண்டு. 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பிறந்த கதை இன்னும் சுவையானது. ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக் காதலியோடு பேசிக்கொண்டே, மறு கையால் கிடார் தந்திகளைச் சும்மா மீட்டிக்கொண்டிருந்தாராம். அதனால்தான் அதன் தொடக்கத்தில் இடது கை தேவையே இல்லை. எல்லாம் அழுத்தாத தந்திகள். ச, க, ப, மேல் ச, ப, க என்று ஆறு சுரம், திஸ்ர நடை. டிஸ்டார்ஷன் இல்லை. இரண்டாவது சுரத்திலேயே சாதாரண காந்தாரம் வந்து நிற்கிறது. சொந்த விஷயம் என்று அவர் வெளியிடவே நினைக்காத பாட்டு அது. உல்ரிச்தான் கேட்டுவிட்டு வற்புறுத்தினார்.

"விலை போய்விட்டார்கள்" என்று பழைய ரசிகர்கள் திட்டினார்கள். ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றதால் அந்தப் பழிக்கு வலுவும் சேர்ந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளம்ப காலத்தில் பாடுகிறவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது நாம் அறிந்ததுதானே? டிஸ்டார்ஷன் இல்லாத கிடாரும் அப்படித்தான். விரல் தடுமாறினால் கேட்கும், நாதம் அடங்குவதும் கேட்கும். முரட்டு வேஷம் போட்டே பழகியவன் அதைக் கழற்றிவிட்டு நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தப் பாட்டுக்கு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்த மைக்கேல் கேமன், 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பனியையும் மெட்டாலிகாவையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார். ஆனால் பக்குவம் என்பது நேர்கோடு அல்ல. 2003-இல் மறுபடி பழையபடி உறுமினார்கள். 2023-இல் வந்த ஆல்பத்தின் பெயர் '72 சீசன்ஸ்'. வருஷத்துக்கு நான்கு பருவம் என்று கணக்குப் போட்டால் பதினெட்டு வருஷம். ஒரு மனிதனின் முதல் பதினெட்டு வருஷம். அறுபதை நெருங்கிய ஹெட்ஃபீல்ட் அந்தப் பையனிடம் திரும்பிப்போனார், உரத்த குரலோடுதான். என்ன, இப்போது எதற்காகக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு இதைக் கேட்ட வருஷங்களில் நான் சொன்னதெல்லாம் "வால்யூமைக் குறை" என்பது ஒன்றுதான். என்ன பாட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். ராத்திரி ஃபோனில் பேசும்போது சில சமயம் பின்னால் கிடார் தந்தி மெதுவாகக் கேட்கும். "இன்னும் கொஞ்சம் வாசிடா" என்பேன். உங்கள் வீட்டிலும் மூடிய கதவுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டால், கதவைத் தட்டுங்கள், தப்பில்லை. உள்ளே போய் ஒரு பாட்டு முழுசாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.