தரங்கம்பாடியில் மூதாதையரைத் தேடுதல்: ஏட்டில் யாருடைய பெயர் இருக்கிறது?

தரங்கம்பாடிக்கு வரும் ஐரோப்பியப் பயணி ஒருவர் தம் முன்னோரைத் தேடுவது ஓரளவு எளிது. 1701இல் எழுந்த சீயோன் ஆலயம் இன்றும் நிற்கிறது. கல்லறைக் கற்களில் பெயரும் ஆண்டும் பதவியும் செதுக்கப்பட்டுள்ளன. கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக்காப்பகத்தில் நிறுவன ஏடுகளும் ஆளுநர் அலுவலகக் கடிதங்களும் காக்கப்படுகின்றன. அதே ஊரின் சேரியில் பிறந்த ஒரு கல்லூரி மாணவி தம் பாட்டியின் பாட்டி யார் என்று கேட்டால், அவருக்குக் கல்லறைக் கல்லும் இல்லை, பெயர் எழுதிய ஏடும் எளிதில் கிடைப்பதில்லை. இந்த வேறுபாடு தற்செயலானதன்று. யாரைப் பெயரோடு எழுதுவது, யாரை எண்ணிக்கையாக மட்டும் எழுதுவது என்பதை அன்றைய அதிகாரமே முடிவு செய்தது.

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின்படி டேனியர் இங்கே குடியேறி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845இல் தரங்கம்பாடியையும் வங்கத்தின் சேராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டு வெளியேறினர். விற்பனைப் பத்திரத்தில் கோட்டையும் கட்டடங்களும் இருந்தன. அந்த மண்ணில் உழைத்தோரின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

ஏடுகள் எங்கே உள்ளன?

தேடுவோர் முதலில் அறிய வேண்டியது, இந்த ஊரின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை என்பதே. வணிக, நிர்வாக ஏடுகளில் பெரும்பகுதி டேனிஷ் மொழியில் கோபன்ஹேகனில் உள்ளது. ஒரு பகுதி சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் ‘டேனிஷ் ஆவணங்கள்’ என்ற வரிசையில் இருக்கிறது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோர் தொடங்கிய மிஷனின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில், பிராங்கே அறநிறுவனத்தின் காப்பகத்தில் உள்ளன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளை உள்ளூர்ச் சபைகளில் தேட வேண்டும். 1845க்குப் பிந்தைய நில ஆவணங்களை ஆங்கில ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்ட ஏடுகளில் தேட வேண்டும். ஊர் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருப்பினும், பழைய ஏடுகள் பழைய எல்லைகளின்படியே அடுக்கப்பட்டுள்ளன.

மொழி ஒரு தடை, எழுத்து மற்றொன்று. அக்கால டேனிஷ், ஜெர்மன் கையெழுத்து இன்றைய உரோமன் எழுத்தினின்று வேறுபட்டது. பொறையாறு போன்ற ஊர்ப்பெயரும் முனியன் போன்ற ஆட்பெயரும் எழுதியவரின் காதுக்கு எட்டியபடி பல வடிவங்களில் பதிவாகின. எனவே ஒரு பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் தவறவிடுவோம்.

பெயர் மாறிய இடம்

1707 மே மாதம் மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். இந்தியச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் நிகழ்வு இது. அது அடிமைமுறைக்கும் சான்று என்பது விழா மேடைகளில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஞானஸ்நானத்தின்போது பழைய பெயர் போய்ப் புதுப்பெயர் வந்தது. குடும்ப வரலாறு தேடுவோருக்குக் கயிறு அறுபடும் இடம் பெரும்பாலும் இதுவே.

பெயர் மாறினாலும் சாதி மாறவில்லை. மிஷன் ஆலயத்திலேயே ‘சூத்திரர்’ என்றும் ‘பறையர்’ என்றும் சபையார் தனித்தனியே அமர்ந்தனர். ராஜநாயக்கன் என்ற உபதேசியாரின் வாழ்வு இதற்குத் தெளிவான சான்று. பறையர் சமூகத்தில் பிறந்து தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய அவர், பின்னர் மிஷனின் திறன்மிக்க உபதேசியாராக அறியப்பட்டார். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். ராஜநாயக்கனுக்கு அப்பட்டம் கிட்டவில்லை. அவர் கையால் நற்கருணை பெறச் சாதிக் கிறித்தவர்கள் உடன்படமாட்டார்கள் என்பதே தடையாக நின்றது. இறுதிவரை உபதேசியாராகவே இருந்து மறைந்தார். இந்தச் செய்தி நமக்குக் கிடைப்பது மிஷனரிகளே எழுதிவைத்த தாள்களிலிருந்துதான்.

இருபுறமும் கூரான கத்தி

இங்கேதான் குடும்ப வரலாறு வெறும் ஆர்வம் என்ற நிலையைக் கடக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியலினத்தவராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். 1985இல் சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆலய இருக்கை குறித்த சச்சரவும், மறுக்கப்பட்ட குருப்பட்டமும், சாதி குறித்த ஒரு பழைய பதிவும் அந்தச் சான்றின் வரலாற்றுப் பகுதி. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியலின உரிமையை மதத்தினின்று விடுவிக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இந்த விவாதத்தில் ஏடுகளும் பேச வேண்டும்.

ஆனால் அதே ஏடு எதிராகவும் பேசும். 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பட்டியலினச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, குழந்தைப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானமும் சான்றுகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, தேடிக் கண்டெடுத்த அண்மைத் தலைமுறைப் பதிவுகளைச் சமூக ஊடகத்தில் பெயரோடு வெளியிடுவது உறவினர் ஒருவரின் கல்வியையோ வேலையையோ பறிக்கக்கூடும். பதினெட்டாம் நூற்றாண்டைப் பகிரங்கமாகப் பேசுவோம். உயிரோடு இருப்போரின் விவரத்தை அவர்தம் இசைவின்றி வெளியிடாதிருப்போம்.

எங்கிருந்து தொடங்குவது?

காப்பகத்திலிருந்து அன்று, வீட்டுத் திண்ணையிலிருந்து. மூத்தோரிடம் பெயர், ஊர், தெரு, பண்ணை, சபை ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்க. எந்தப் பண்ணையில் வேலை என்பது முக்கியம்; ஏட்டில் பண்ணையாளின் பெயர் இல்லாவிடினும் நிலவுடைமையாளரின் பெயர் இருக்கும், அவ்வழியே உள்ளே நுழையலாம். குடும்பத்தில் கடல் கடந்தோர் உண்டா என்றும் கேட்க வேண்டும். பக்கத்திலிருக்கும் பிரெஞ்சுக் காரைக்காலிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கூலிகளாகச் சென்றோரின் பதிவேடுகளில் பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் குறிக்கப்பட்டன. ஊரில் எழுதப்படாத பெயர் கப்பலில் எழுதப்பட்டிருக்கலாம்.

இந்த வேலையைத் தனியொருவர் செய்து முடிக்க இயலாது. ஜெர்மன் கற்ற மாணவர் ஒருவர், நில ஆவணம் அறிந்த தோழர் ஒருவர், ஊர் மூத்தோரின் நம்பிக்கையைப் பெற்ற பெண்ணொருவர் எனக் குழுவாகவே செய்ய முடியும். சபைப் பதிவேடுகள் கரையானுக்கு இரையாகும் முன் படியெடுக்கப்பட வேண்டும் என்று சபை உறுப்பினர்களே நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கோட்டையும் ஆளுநர் மாளிகையும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. அவற்றைச் சுமந்து கட்டிய கைகளுக்குரிய பெயர்களைத் தேடும் பொறுப்பு நம்முடையது.