‘மெய் மூலங்கள் இல்லை’ என்றால் கணக்கு முடிந்துவிட்டதா?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் அடுத்து எந்தப் பிரிவு என்று கேட்டால், “கணக்கு வேண்டாம் வாப்பா, கற்பனை எண்ணெல்லாம் வருமாம்” என்று சொல்வதுண்டு. அந்தப் பயத்தில் கணக்கை விட்டால் பொறியியல் படிக்கும் வழியும் அடைபடும். அந்தக் கற்பனை எண் என்ன என்று வீட்டில் எல்லோருமாகப் பார்த்துவிடுவோம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

ஏறத்தாழ 820-ஆம் ஆண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்தான் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. வாரிசுப் பங்கு பிரிக்கும் கணக்குகளும் அந்நூலில் நிறைய உண்டு. அதிலுள்ள ஒரு கணக்கு: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 21 கூட்டினால், அந்த எண்ணின் 10 மடங்கு வருகிறது. அது என்ன எண்?

பாடநூல் ‘எக்ஸ்’ என்பதை இங்கே ‘க’ என்போம்.

க² − 10க + 21 = 0

அவர் காட்டிய வழி இது. 10-இல் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதில் 21 போக மீதி 4; அதன் வர்க்கமூலம் 2. 5-லிருந்து 2 கழித்தால் 3, கூட்டினால் 7. ஆகவே காரணிகள் (க − 3)(க − 7).

21-க்குப் பதில் 29 இருந்தால்? 25-இல் 29 போனால் −4. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. இப்படி வந்தால் விடை இல்லை என்றார் அல்-குவாரிஸ்மி. பத்தாம் வகுப்பிலும் ‘மெய் மூலங்கள் இல்லை’ என்றே எழுதுகிறோம். இதில் ‘மெய்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மெய்யெண்களுக்குள் விடை இல்லை என்பதுதான் அதன் பொருள்.

1545-இல் இத்தாலியின் கார்டானோ, 10-ஐ இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் 40 வர வேண்டும் என்ற கணக்கை எடுத்தார். மீதி −15 வந்தது. அதன் வர்க்கமூலத்தை அப்படியே வைத்துப் பெருக்கிப் பார்த்தார். 40 சரியாக வந்தது! ஆனாலும் இதனால் பயனில்லை என்றே அவர் நினைத்தார். 1637-இல் டெகார்ட் சூட்டிய ‘கற்பனை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

−1-இன் வர்க்கமூலத்தைப் பாடநூல் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கும். இங்கே ‘இ’ என்போம். அதாவது இ² = −1. அப்போது −4-இன் வர்க்கமூலம் 2இ. நம் இரண்டு எண்கள் 5 + 2இ, 5 − 2இ. கூட்டினால் 10. பெருக்கினால்:

25 − 10இ + 10இ − 4இ² = 25 + 4 = 29

ஆகவே க² − 10க + 29 = (க − 5 − 2இ)(க − 5 + 2இ). வழி பழையதுதான்; புதிதாகச் சேர்ந்தது இ² = −1 என்ற ஒரே விதி.

கார்டானோ பயனில்லை என்று நினைத்த இந்த எண்களைக் கொண்டுதான் இன்று பொறியாளர்கள் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்டதாகத் திட்டமிடப்பட்ட நம் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கும் இதே கணக்குதான்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் இரண்டாம் பாடம் ‘கலப்பு எண்கள்’. பத்தாம் வகுப்புக் காரணிப்படுத்துதல் நன்றாக வரும் பிள்ளை இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இன்றிரவு க² − 6க + 13 என்பதைக் கொடுத்துப் பாருங்கள். 3 + 2இ, 3 − 2இ என்று வந்தால் சரி. பெருக்கி 13 வருகிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். அதன் பிறகு எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.