நுண்ணறைப் படலத்தின் வழியே மூலக்கூறுகள் கடத்தல்

நுண்ணறைப் படலம் என்பது நுரையீரலில் உள்ள காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் மிக மெல்லிய திசுப் படலம் ஆகும். உள்மூச்சில் வரும் ஆக்சிசன் இரத்தத்தை அடைவதும், உடலில் உருவாகும் கார்பனீராக்சைடு வெளியேறுவதும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன.

அமைப்பு

மனித நுரையீரல்களில் பல கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. நுண்ணறைப் பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைத் தட்டையான முதல் வகை உயிரணுக்கள் மூடியுள்ளன. இவற்றை அடுத்து அடித்தளச் சவ்வும், இரத்த நுண்குழாய்ச் சுவரின் உயிரணுக்களும் அமைந்துள்ளன. எல்லாம் சேர்ந்தும் படலத்தின் தடிமன் பல இடங்களில் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு.

வாயுக்கள் கடக்கும் முறை

உயிரணுச் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டை அடுக்கு ஆகும். ஆக்சிசன், கார்பனீராக்சைடு ஆகியவை மின்னூட்டமற்ற சிறு மூலக்கூறுகள், கொழுப்பில் கரையக்கூடியவை. எனவே அவை தனி வழியோ ஆற்றலோ இன்றி, விரவல் மூலம் சவ்வைக் கடக்கின்றன.

நுண்ணறைக் காற்றில் ஆக்சிசனின் பகுதி அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், நுரையீரலை வந்தடையும் இரத்தத்தில் சுமார் 40. இந்த வேறுபாடே ஆக்சிசனை உள்ளே செலுத்துகிறது. கார்பனீராக்சைடுக்கு வேறுபாடு 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே. ஆனால் அது நீரில் மிக எளிதாகக் கரைவதால் ஆக்சிசனைவிட ஏறத்தாழ 20 மடங்கு விரைவாக விரவுகிறது.

நீரும் அயனிகளும்

நீர் மூலக்கூறுகள் அக்குவாபோரின்-5 என்னும் புரதக் கால்வாய்கள் வழியே விரைந்து கடக்கின்றன. மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனிகளால் கொழுப்பு அடுக்கை ஊடுருவ இயலாது. அவை காற்றுப் பக்கத்தில் கால்வாய் வழியே உயிரணுவினுள் நுழைந்து, மறுபக்கத்தில் ஆற்றலைச் செலவிடும் புரத எக்கியால் வெளியேற்றப்படுகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. பிறந்த குழந்தையின் நுரையீரலில் நிறைந்திருந்த நீர்மம் அகல்வதற்கு இச்செயல் முக்கியமானது.

வரலாறு

நுரையீரல் ஆக்சிசனைத் தானே இரத்தத்தினுள் சுரக்கிறது என்று டென்மார்க்கு உடலியங்கியலாளர் கிறிஸ்டியன் போர் கருதினார். அவருடைய மாணவரான ஆகஸ்ட் குரோக்கும் மேரி குரோக்கும் 1910இல் வெளியிட்ட ஆய்வுகள், விரவல் ஒன்றே போதுமானது என்று காட்டின.

மருத்துவ முக்கியத்துவம்

ஆக்சிசனுக்கு எக்கி எதுவும் இல்லாததால், படலம் தடித்தால் அதை ஈடுசெய்ய உயிரணுக்களால் இயலாது. நுரையீரல் நீர்க்கோப்பு, நுரையீரல் நார்த்திசுப் பெருக்கம் ஆகியவற்றில் இந்நிலை ஏற்படுகிறது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுண்குழாயைக் கடக்கச் சுமார் 0.75 நொடி ஆகும். ஆக்சிசன் நிரம்ப 0.25 நொடி போதும். உழைக்கும்போது இரத்தம் விரைந்து ஓடுவதால் இந்தக் கூடுதல் நேரம் குறைகிறது. ஆகவே தொடக்க நிலை நோயாளிக்கு மாடிப்படி ஏறும்போதுதான் மூச்சுத் திணறுகிறது. அவருக்கு ஆக்சிசன் அளிப்பது அழுத்த வேறுபாட்டைக் கூட்டி, தடித்த படலத்தின் வழியேயும் போதிய ஆக்சிசனைச் செலுத்துகிறது.