பின்சுவரின் மௌனம்

‘வீட்டுக்குள் ஒரு திரையரங்கம்’ என்று ஆசிரியர் விஷயத்தை வகுத்துக் கொடுத்தபோது, விலையுயர்ந்த கருவிகளின் அணிவகுப்பையே அவர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் சுங்கை வேயில், கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓயாத ஒரு வரிசை வீட்டில், மகன் உத்தியோக நிமித்தம் வெளியூர் சென்றபின் காலியான படுக்கையறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒழித்து, அதன் பின்புறத்துக்காகத் தம் கையாலேயே இரண்டு சிறு ஒலிபெருக்கிகளைச் செய்து வைத்திருக்கும் நண்பரைக் கண்ட பிறகு, என் பேனா அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது.

எழுபதுகளில் இவ்வட்டாரத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளுள் ஒன்றில் நெடுங்காலம் பற்றவைத்துப் பழகிய கை அவருடையது. பெட்டிகளுக்கு அவர் தேர்ந்த பலகை ரப்பர் மரம். எந்தப் பால்மரத்தை அவருடைய பாட்டனார் விடியற்காலை விளக்கொளியில் சீவினாரோ, அதே இனத்து மரந்தான், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டப்பட்டு, ஒரு காலத்தில் விறகாக எரிந்தது போக, எண்பதுகள் முதல் மேசை நாற்காலியாக உலகெங்கும் கப்பலேறிற்று. மருந்திட்டுப் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் விரைவில் பற்றிக்கொள்ளும் மென்மை அதற்கு உண்டு. ஆகையால் உட்புறமும் வார்னிஷ் பூசியிருக்கிறார். பலகையின் கனம் 15 மில்லிமீட்டர், உள்ளளவு சுமார் 3 லிட்டர், 4 அங்குல ஒலிக்கூம்பு ஒன்று, உள்ளே கொஞ்சம் தலையணைப் பஞ்சு. துவாரமில்லாத மூடிய பெட்டி. பின்னாலிருந்து வரவேண்டியது எதிரொலியும் காற்றோட்டமுமே தவிர முழவின் அதிர்வன்று என்பதால், இந்த அளவு போதும். நுரை விளிம்புள்ள கூம்பு நம் சீதோஷ்ணத்தில் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிரும் என்று கண்டவராதலால், ரப்பர் விளிம்புள்ளதையே ஜாலான் பாசார் கடைகளில் தேடிப் பிடித்தார். பற்றவைக்கும் கம்பியிலோ நூற்றுக்கு அறுபது பங்கு வெள்ளீயம். அந்த வெள்ளீயம் தோண்டிய பூமி சுங்கை வே. ஆக, இந்நாட்டின் பழைய செல்வங்கள் இரண்டும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடக்கம்.

இணைப்பில்தான் சூட்சுமம். தனி ஆம்ப்ளிஃபயர் ஏதுமின்றி, இரு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் இடது வலது ‘பிளஸ்’ முனைகளுக்கு நடுவே மாட்டிவிட்டார். 1970 வாக்கில் அமெரிக்க ஆர்வலரிடையே பரவிய உபாயம் இது. (இன்றைய சில ஆம்ப்ளிஃபயர்கள் இதைத் தாங்கா, மைனஸ் முனைகள் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.) இரு தடங்களுக்கும் பொதுவானது எதுவோ அது அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பேதம் மட்டுமே பின்னால் ஒலிக்கும். 1995-இல் வந்த ‘குருதிப்புனல்’ போன்று டால்பி ஸ்டீரியோவில் அமைந்த படத்துக்கு நல்ல பிரதி வாய்த்தால், சுற்றொலியை அந்தப் பேதத்திலேயே பொதித்திருப்பதால், பின்சுவர் உயிர்பெற்றுவிடுகிறது.

பழைய பாட்டுக்கு வந்தபோதுதான் சங்கடம் விளைந்தது. ஐம்பதுகளின் திரைப்பாடல் ஒன்றைக் கணினியிலிருந்து ஒலிக்கவிட்டார். பின்பெட்டிகள் வாய் திறக்கவில்லை. பற்றவைப்பு விட்டுப்போயிற்று என்று எண்ணி, இருமுறை பெட்டியைக் கழற்றி மறுபடி ஈயம் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுவதும் தொலைத்த பிறகே, அந்தப் பாட்டு ஒரே தடத்தில் பதிவானது, இரு புறமும் ஒன்றாயிருக்கையில் பேதம் பூஜ்யம் என்பது அவருக்கு விளங்கிற்று.

அவருக்கு அது வேடிக்கையாய்ப் போயிற்று; எனக்கோ கவலையாய் வளர்ந்தது. ஏனெனில், அந்த மௌனம் சத்தியமான மௌனம். ஒன்றிரண்டு மைக்கின் முன்னால், பாடுபவர் இத்தனை அடி, வயலின்காரர்கள் இத்தனை அடி என்று தூரத்தாலேயே ஒலியை நிறுத்துப் பதிவுசெய்த காலத்தின் சாட்சி அது. இன்றோ கணினி நிரல்கள் அந்த ஒற்றைத் தடத்தைக் கூறுபோட்டு, குரலை நடுவிலும் குழலை வலப்பின் மூலையிலும் தபலாவை இடப்பின் மூலையிலும் குடியமர்த்துகின்றன; அங்கே ஒருவரும் அமர்ந்ததில்லை. பிரித்த குரலில் ‘ச’கரமும் ‘ஷ’கரமும் சிதறி, தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஒரு நெளிவு தட்டுகிறது. இப்படியேனும் இளையோர் பழம்பாட்டைக் கேட்கிறார்களே என்பாரும் உளர், இருக்கட்டும். ஆனால் மூலப்பதிவு தேடுவாரற்று அலமாரியில் கிடக்க, கூறுபோட்டதே மூலம் என்று ஒரு தலைமுறை நம்பி வளருமாயின், அந்தத் தூரக் கணக்கை யார் அறிவார்? குளத்துத் தாமரையைப் பறித்து இதழ் இதழாய் வீடெங்கும் ஒட்டிவைத்தால் வீடு குளமாகிவிடுமா? கோயில் சிற்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் பதறுகிறவர்கள்கூட, இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்களே!

நான் சென்ற மாலை, நண்பரின் மாமனார் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். தாம் பத்திரப்படுத்தியிருந்த பழைய இசைத்தட்டு ஒன்றையும் கொணர்ந்திருந்தார். முள் இறங்கியது. பாட்டு முழுவதும் முன்னாலிருந்தே வந்தது. பின்னாலிருந்து மட்டும் மெல்லிய படபடப்பு. ஒற்றைத் தட இசைத்தட்டில் பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே வளையுமாதலால், மேலும் கீழுமாய் முள்ளைத் துள்ளவைக்கும் தூசியும் கீறலும் பேதமாகிப் பின்பெட்டிக்குப் போய்விடுகின்றன.

பெரியவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

“வெளியே மழையா மாப்பிள்ளை?”

“மழை இல்லை மாமா. தட்டோட கீறல். வேணாம்னா பின்பெட்டியை நிறுத்திடறேன்.”

“இருக்கட்டும். அது அப்பவே இருந்துச்சு.”