அடிபடாமலே சாகும் எலும்பு

கீழே விழல, வண்டியில மோதல, அடியே படல. ஆனா இடுப்பு எலும்பு செத்துப் போச்சு. இப்படி யாராவது சொன்னா நம்புவீங்களா? நானும் முதல்ல நம்பல. ஆனால் எங்க ஊர் தேவாலா பக்கம் இதற்கு ஒரு தனிக் காரணமே இருக்கிறது.

இதை அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏ.வி.என். என்பார்கள். எலும்பும் உயிருள்ளதுதான், ரத்தம் நின்றால் அதுவும் சாகும். தொடை எலும்பின் மேல்முனை பந்து மாதிரி இடுப்புக் குழிக்குள் இருக்கிறது. அதற்கு ரத்தம் போவது பெரும்பாலும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான். நம்ம பாஷையில், பேக்கப் இல்லாத சப்ளை. லோடோ, சும்மா நடக்கும்போதே உடல் எடையைப் போல 2.5 முதல் 3 மடங்கு!

சப்ளை ஏன் நிற்கிறது? உலக அளவில் முக்கியக் காரணங்கள் இரண்டு: அதிக அளவு ஸ்டீராய்டு மருந்து, தொடர்ந்த மதுப் பழக்கம். இரண்டுமே மஜ்ஜையில் கொழுப்பைப் பெருக்கி ரத்த ஓட்டத்தை நெருக்குகின்றன. கொரோனா சிகிச்சையில் ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கும் இது வந்தது. லூபஸ் நோயாளிகளுக்கும் ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கும் வரலாம். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை.

எங்கள் பக்கத்துக் காரணம், அரிவாள் செல் ரத்தசோகை. 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அடைப்பு இடுப்புப் பந்தில் விழுந்தால் ஏ.வி.என்.தான். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. மலேரியா பரவிய காடுகளில் அது நிலைத்தது அதனால்தான். இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்.

எலும்பு செத்த உடனே நொறுங்காது. உடம்பு ரிப்பேர் வேலையைத் தொடங்கி, செத்த பகுதியை அரித்து எடுக்கும். புது எலும்பு அந்த வேகத்துக்கு உருவாகாது. முட்டுக்கொடுக்காமல் பழைய தூணை உருவுவது மாதிரி! ஒருநாள் பந்து உள்வாங்கிவிடும். அதன்பிறகு பலருக்கு மூட்டு மாற்று அறுவைதான் வழி.

அதற்கு முன்பே பிடித்தால், எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பந்தைக் காப்பாற்ற முயலலாம். சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். வலியும் ஏமாற்றும்: தொடை இடுக்கில் வரும், சில நேரம் முழங்காலில் மட்டும் வரும். "தோட்டத்துல ஏறி இறங்குற வலி"ன்னு தைலம் தேய்த்துக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும்.

அரிவாள் செல்லுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறது. 2023 ஜூலையில் தேசிய அளவிலும் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நோய் இருப்பவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து, குளிரில் நனையாமல், டாக்டர் தரும் ஹைட்ராக்ஸியூரியாவை விடாமல் எடுத்தால் அடைப்புகள் குறையும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ, அடிபடாமலே இடுப்பு வலி சில வாரம் நீடித்தால், நேரே டாக்டரிடம் போங்க. ஸ்டீராய்டு எடுத்ததையும் குடிப்பழக்கத்தையும் மறைக்காதீங்க. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது அரிவாள் செல் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லணும்.